நாலாவது லெவலில் வைத்த கறி

புற்றுநோய்க்கு மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அக்காவின் நாக்கில் எல்லாமே இரும்பு ருசியாகிவிட்டது. இட்லி இரும்பு, ரசம் இரும்பு, வாழைப்பழம்கூட இரும்பு. குளிர்ந்த மோர் மட்டும் எப்படியோ தப்பித்திருந்தது. பெங்களூருவில் மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: எடை இதற்கு மேல் குறைந்தால் அடுத்த மருந்தை ஏற்ற முடியாது, தள்ளிப்போட வேண்டும். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தங்கச் சுரங்கக்காரர்களின் குடியிருப்பான ஸ்கெலட்டனில் அவள் வீட்டில் பகலில் நாங்கள் மூன்று பெண்கள்தான். அக்கா, அவளுடைய மருமகள், நான். அக்காவின் மகன் விடியுமுன் பெங்களூரு ரயிலைப் பிடித்தால் இருட்டிய பிறகு திரும்புவான். மருமகளும் அதே ரயிலில் வேலைக்குப் போய்வந்தவள். மாமியாருக்காக விடுப்பு எடுத்திருந்தாள். நான் பக்கத்துக் குடியிருப்பான நந்திதுர்க்கிலிருந்து காலையில் வந்து சேருவேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அக்கா திரும்பாமலே பேசினாள்.

"பன்னிக்கறி துன்னணும் போல கீதுடி."

துணி மடித்துக்கொண்டிருந்த மருமகளின் கை நின்றது. அவள் பெங்களூருவில் பிறந்து வளர்ந்தவள். கோழி, ஆடு, மீன் எல்லாம் அவர்கள் வீட்டில் உண்டு, பன்றி வந்ததில்லை. இங்கே வாழ வந்த பிறகும், ஞாயிற்றுக்கிழமை பன்னிக்கறி வேகும்போது தனக்கு ஒரு முட்டையைப் பொரித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவாள்.

"நெஜமாவா அத்தை? வாந்தி வந்துடாதா?"

"வரட்டுமே. உள்ள ஏதாச்சும் போனாத்தான வெளிய வரதுக்கு."

பல வாரங்களில் அக்கா தானாகக் கேட்ட முதல் சாப்பாடு அது. மருமகள் உடனே மருத்துவமனையின் உணவு ஆலோசகருக்குப் போன் செய்தாள். அந்த அம்மாள் பன்றி என்றதும் தயங்கவில்லை. புதுக் கறியாக இருக்கட்டும், உள்ளே இளஞ்சிவப்பு துளியும் தெரியாத அளவுக்கு வேகட்டும், சூடாகச் சாப்பிடட்டும், பச்சைக் கறிக்கு வைத்த கத்தியும் பலகையும் வேறெதற்கும் வேண்டாம் என்றார். அக்காவின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைவாக இருந்தன. மற்றவர்களுக்கு ஒருநாள் வயிற்றுவலியோடு போகிற கிருமி அவளை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

மறுநாள் காலை ஆண்டர்சன்பேட்டை கறிக்கடைக்குப் போனேன். வெயில் ஏறுவதற்கு முன்னால் போவதுதான் கறி வாங்குவதில் பாதி. கொக்கியில் தொங்கிய தொடையைச் சுற்றிப் பார்த்தேன். சதை வெளிர்சிவப்பாக இருந்தது. கொழுப்பு மஞ்சளாகாமல் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. குனிந்து, சதைக்குள் அரிசிமணி போல வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றனவா என்று தேடினேன். நாடாப்புழு இருந்தால் அப்படித்தான் தெரியும்.

"இன்னாக்கா, பொண்ணு பாக்க வந்தா மாதிரி பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணுன்னா இவ்ளோ பாக்க மாட்டேன். ஒடம்பு சரியில்லாதவங்களுக்கு."

"அப்ப நல்லா பாருங்க. பண்ணைப் பன்னிதான், சாக்கடைல மேஞ்சது இல்ல. மோந்துகூட பாருங்க, நான் காசு கேக்க மாட்டேன்."

முகர்ந்தேன். கெட்ட வாடை இல்லை. தொடையில் கொஞ்சம், விலாவில் கொஞ்சம், எலும்போடு வெட்டித் தரச் சொன்னேன். மெல்லிய கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். வெயிலில் வேறெங்கும் நிற்காமல் நேரே அக்கா வீட்டுக்கு வந்தேன்.

வந்தால் அக்கா முழங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையிலிருந்து குமட்டல். மருமகள் தனக்குப் போட்ட டீயின் வாசம்கூடத் தாங்கவில்லையாம்.

"இன்னிக்கி வேணாம்டி. நாளைக்கு செய்யலாம்," என்றவள், மருமகளைப் பார்த்துக் கையசைத்தாள். "மூடி போட்ட டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல நாலாவது லெவல்ல வைம்மா."

"சரி அத்தை."

எனக்கு வீட்டில் வேலை இருந்தது. கவரை மருமகள் கையில் கொடுத்துவிட்டுப் புறப்பட்டேன்.

திங்கட்கிழமை நான் வந்தபோது அக்கா எழுந்து உட்கார்ந்திருந்தாள். குமட்டல் போயிருந்தது. முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. மருமகள் ஃப்ரிட்ஜிலிருந்து சொம்பை எடுத்து, டம்ளரில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான் கறியை எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன்.

அது பழைய ஃப்ரிட்ஜ். உள்விளக்கு எரிவதில்லை. கம்பித் தட்டுகள் மூன்று. அடியில் காய்கறி வைக்கும் பெட்டி உடைந்துபோனதால் அந்த இடத்தையும் ஒரு தட்டாக வைத்திருந்தார்கள். அங்கே குனிந்து கையை விட்டேன். தேங்காய் மூடி ஒன்றுதான் அகப்பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே, கறுப்புக் கவர் அப்படியே உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு ஒன்று அதைக் கிழித்துக்கொண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து சிவந்த நீர் கம்பி வழியாக இறங்கி, நறுக்கி வைத்திருந்த பப்பாளியை நனைத்து, அடுத்த தட்டில் ஒரு வட்டமான ஈரத் தடத்தின் பக்கத்தில் முடிந்திருந்தது. சொம்பு வைத்திருந்த இடம் அது.

"குடிக்காத!"

அக்காவின் டம்ளர் வாயருகே நின்றது.

"இன்னாடி, பாம்பு கீதா உள்ள?"

"குடிச்சிட்டியா?"

"எங்க குடிக்க வுட்ட?"

டம்ளரை வாங்கி வைத்துவிட்டுச் சொம்பைப் பார்த்தேன். மேலே மூடியிருந்த தட்டு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அதன் விளிம்பில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு.

"கறிய யாரு மேல வெச்சது?"

"நான்தான் சின்னத்தை," என்றாள் மருமகள், கையில் வெங்காயத்தோடு எழுந்து. "அத்தைதான நாலாவது லெவல்ல வைக்கச் சொன்னாங்க?"

"நாலாவதுன்னா கீழ தான?"

"கீழ இருக்கறது ஒண்ணாவதில்லையா? மாடிய எப்படி எண்றோம்? கீழ இருந்துதான?"

அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

எங்கள் அப்பா சுரங்கத்தில் வேலை செய்தார். அக்காவின் வீட்டுக்காரரும் அப்படியே. ஆட்களை உள்ளே இறக்கும் கூண்டான கேஜில் ஏறினால் கீழேதான் போக முடியும். தரைக்குப் பக்கத்தில் இருப்பது முதல் லெவல். ஆழம் கூடக் கூட எண்ணும் கூடும். சுரங்கத்தை மூடி இத்தனை காலமாகியும் எங்கள் வீடுகளில் எண்ணிக்கை இன்னும் மேலிருந்து கீழேதான் போகிறது. பீரோவுக்கு லெவல், பாத்திர ஸ்டாண்டுக்கு லெவல், ஃப்ரிட்ஜுக்கும் லெவல். மருமகள் இந்தச் சொல்லைத் தினமும் கேட்டிருக்கிறாள். ஆனால் சமையலறை ஸ்டாண்டில் தட்டுகள் மூன்று. அக்கா ஓயாமல் கேட்கும் காபித்தூள் இருப்பது நடுத்தட்டில். "ரெண்டாவது லெவல்ல பாரும்மா" என்றால் மேலிருந்து எண்ணினாலும் கீழிருந்து எண்ணினாலும் கை ஒரே இடத்துக்குத்தான் போகும். அவள் எந்தப் பக்கமிருந்து எண்ணுகிறாள் என்பது தெரியவர அதுவரை வழியே இருந்திருக்கவில்லை.

"எனக்கும் தோணுச்சு," என்றாள் அவள். "கறிய இவ்ளோ மேல எதுக்கு வைக்கறாங்கன்னு. அத்தை சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்."

"டப்பா?" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தொட முடியல சின்னத்தை. கவரோட வெச்சிட்டேன்." பிறகு அழ ஆரம்பித்தாள். "அத்தை அத குடிச்சிருந்தா? நானே கொன்னிருப்பேன்."

"அடச்சீ, அழாத," என்றாள் அக்கா. "அந்த டாக்டரு பாட்டில் பாட்டிலா ஏத்தியே நான் போவல. உன் ஒரு டம்ளர் மோருக்கா போவப் போறேன்?"

மருமகள் சிரிக்கவில்லை. "இந்தக் கறிய தூக்கிப் போட்டுடலாம். வேணாம் அத்தை."

அக்கா மெதுவாகச் சாய்ந்து, மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்தாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பசி தானாக வந்தது. போனால் மறுபடி வரும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

கவரைப் பிரித்துப் பார்த்தேன். கறி சில்லென்று இருந்தது. விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் எழுந்தது. வாடை இல்லை. ஆலோசகருக்கு நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். மோரையும் பப்பாளியையும், மூடாமல் உள்ளே இருந்த மற்ற எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள், ஃப்ரிட்ஜை நன்றாகக் கழுவுங்கள் என்றார். கறி குளிர்ச்சியிலேயே இருந்ததால் அதற்கு ஒன்றுமில்லை; இன்றைக்கே முழுக்க வேகவைத்துவிடுங்கள். கறி கெட்டுப்போகவில்லை, தனக்குக் கீழே இருந்ததைத்தான் கெடுத்திருந்தது.

தட்டுகளைக் கழற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் சுடுதண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்தோம். துளி ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் உள்பக்கத்தைத் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரில் துடைத்துக் காயவைத்தோம். முடிந்ததும் கறியை எடுக்கப் போனேன். மருமகள் முந்திக்கொண்டாள்.

"நான் செய்றேன்."

"ஒனக்குத் தொடவே வரலன்ன?"

"வேற யாரு செஞ்சாலும் வெந்துச்சா வேகலயான்னு எனக்கு நிம்மதி இருக்காது சின்னத்தை."

குழாயைத் திறந்து கறியைக் கழுவக்கூடாது, தண்ணீர் தெறித்துப் பாத்திரங்களில் படும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டதும் அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கழுவாம துன்றதா? இன்னா அநியாயம் இது!"

"கழுவறேன் அத்தை. பாத்திரத்துல தண்ணி ஊத்தி, தெறிக்காம. கத்தாதீங்க."

"கத்தறதுக்கு தெம்பு எங்க கீது? சொல்றேன், அவ்ளோதான்."

கறி கழுவிய பாத்திரம், கத்தி, பலகை எல்லாவற்றையும் தனியே ஒதுக்கி, அப்போதே சோப்பு போட்டாள். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுதோடு கறி குக்கரில் ஏறியது. எண்ணெய் வேண்டாம் என்றேன். அதன் கொழுப்பே போதும். வாசம் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளுமோ என்று பயந்து அவளை வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம்.

விசில் அடங்கியதும் மருமகள் இருப்பதிலேயே பெரிய துண்டை எடுத்து நடுவில் வெட்டினாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எலும்பை ஒட்டி மங்கலாக ஒரு நிறம். அது வெந்த நிறம்தான் என்றேன். அவள் என்னை நம்பவில்லை. குக்கர் மறுபடி அடுப்பில் ஏறியது.

"ஏம்மா, வேக வெக்கிறியா, எரிக்கிறியா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல்.

"வெயிட் பண்ணுங்க அத்தை!"

இரண்டாவது முறை அவள் மூன்று துண்டுகளை வெட்டிப் பார்த்தாள். அதன் பிறகுதான் வெங்காயம், பச்சை மிளகாய், மல்லித்தூள், மிளகு எல்லாம் வாணலிக்கு வந்தன. இறக்கும்போது எங்கள் ஊர் வழக்கப்படி கொஞ்சம் வினிகர். தான் சாப்பிடாத கறி என்பதால் ருசி பார்க்கவில்லை. உப்பு, காரம் எல்லாம் கண்ணளவு. என்னைப் பார்க்கச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. நானும் அவள் வேகத்தில் குறுக்கே போகவில்லை.

ஆவி பறக்கும் சோற்றில் நாலைந்து துண்டுகளும் குழம்பும் போட்டு அக்காவின் மடியில் தட்டை வைத்தாள். அக்கா ஊதி ஊதி ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். வெகுநேரம் மென்றாள். நாங்கள் நின்றபடியே பார்த்தோம்.

"இன்னா, ரெண்டு பேரும் வாயப் பாத்துகினு? சர்க்கஸா நடக்குது?"

"எப்படி அத்தை இருக்கு?"

"உப்பு கம்மி."

மருமகளின் முகம் விழுந்தது. ஒரு நொடிதான். "அத்தை," என்றாள், குரல் மாறி, "இரும்பு மாதிரி இல்லையா?"

அக்கா மெல்வதை நிறுத்தினாள். நாக்கை வாய்க்குள் ஒரு சுற்று சுழற்றிப் பார்த்தாள்.

"இல்லையே," என்றாள். பிறகு, "நின்னுகினே இரு. உப்ப எடுத்துனு வாம்மா, சோறு ஆறுது."

உப்பு வந்தது. தட்டு காலியானது. அக்கா இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்டு வாங்கிக்கொண்டாள். அன்று மாலைவரை நாங்கள் இருவரும் மாறி மாறி அவள் முகத்தைப் பார்த்தோம். வாந்தி வரவில்லை. மீதிக் கறியை மூடி போட்ட டப்பாவில் போட்டு மகனுக்கு எடுத்து வைத்தாள் மருமகள். ராத்திரி தனக்கும் அதில் இரண்டு துண்டு என்று அக்கா கேட்டபோது முடியாது என்றுவிட்டாள். மீந்த கறி நோயாளிக்குக் கூடாது, புதிதாக ரசம் வைத்துத் தருகிறேன் என்றாள். அக்கா அவளைத் திட்டிக்கொண்டே அந்த ரசத்தைக் குடித்தாள்.

அந்த வாரம் மருத்துவமனையில் எடை பார்த்தார்கள். கூடவில்லை, குறையவும் இல்லை. அது போதுமென்று மருத்துவர் சொல்லி மருந்தை ஏற்றச் சொன்னார். திரும்பிவரும் வழியில் காரில் அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இந்த மருந்துக்குப் பிறகும் சில நாட்கள் நாக்கு போய்விடும் என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பங்காருப்பேட்டை தாண்டியதும் அவள் கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"நாக்கு எப்ப திரும்பும்னு டாக்டரு சொன்னாரு?"

"ஒரு பத்து நாள் ஆகலாம்னாரு அத்தை."

"அப்ப அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம. தொடை வேணாம், விலா மட்டும் வாங்குங்க."

"காலைல நானே சின்னத்தையோட போறேன்," என்றாள் மருமகள். "கடைலேர்ந்து நேரா குக்கருக்கு."