பாரிஸ் லேபிள் வைத்த கோட்டு

திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கும் எனக்கு, அந்த மூன்று வாரமும் ஸ்டெல்லா டீச்சரின் பேரைக் கேட்டாலே எரிச்சல்தான் வந்தது.

ஓய்வுபெற்ற அந்த டீச்சர் ஒரு பழைய கம்பளிக் கோட்டைக் கொண்டுவந்தார். "கையை ரெண்டு இஞ்ச் குறைச்சுக் குடும்மா. கொடைக்கானல்ல என்கூட வேலை பார்த்த பிரெஞ்சுக்காரி குடுத்தது. அவளுக்கு மேலுக்கு முடியல. இதைப் போட்டுக்கிட்டு வரச் சொல்லியிருக்கா."

கழுத்தின் உள்பக்கம் பாரிஸ் லேபிள் இருந்தது. போனில் தேடினேன். பேர்பெற்ற ஆடை நிறுவனம்; காலத்துக்குக் காலம் லேபிளின் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். இது அவர்களுடைய ஆரம்ப கால லேபிள். இதிலா கத்திரி வைப்பது?

"டீச்சர், இது மியூசியத்துல இருக்க வேண்டியது!"

"எனக்குக் கை நீளமா இருக்கேம்மா."

எம்புட்டுச் சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் மிஷின் ரிப்பேர் என்று பொய் சொன்னேன். தினமும் போன் செய்தார். தினமும் ஒரு சாக்குச் சொன்னேன். மனசு மாறிவிடுவார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் காலையில் நேரிலேயே வந்தார். "நேத்து அவ போய்ச் சேர்ந்துட்டாம்மா. இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம்."

"செத்த நேரம் உக்காருங்க டீச்சர்" என்று கோட்டை எடுத்தேன்.

"மிஷின் சரியாயிடுச்சா?"

தலையை மட்டும் ஆட்டினேன். ஒரு மணி நேரத்தில் கையைக் குறைத்துக் கொடுத்துவிட்டேன். அங்கேயே போட்டுக்கொண்டு பஸ் ஏறப் போனார்.

அந்த லேபிளின் வரலாறு எனக்கு மனப்பாடம். கோட்டைக் கொடுத்தவரின் பெயரை மட்டும் நான் கேட்கவே இல்லை.