ஈஸ்டருக்குப் பூத்த ஆஸ்டர்

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் ஒரு பூக்கடையில் வாளி நிறைய ஊதா ஆஸ்டர் வைத்திருந்தார்கள். ஓசூர்ச் சரக்காம். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தேன். பூவுக்குத்தான் வாசம் கிடையாது, இலைக்கு உண்டு. பச்சையாக, கொஞ்சம் கசப்பாக. “பெரியவரே, வாங்கறதுன்னா வாங்குங்க, கசக்காதீங்க” என்றான் கடைக்காரன். யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! இந்த மலையில் பாதிப் பங்களாக்களுக்கு ஆஸ்டர் நாற்றுக் கொடுத்தவன் நான். மூன்று நர்சரி வைத்து ஆண்டவன். மூன்றாம் வகுப்போடு சிலேட்டைக் கவிழ்த்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், வினையே அதில்தான் வந்தது.

அந்த வாசம் என்னை வெலிங்டனுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. அன்னூரிலிருந்து மலையேறி வந்த இரண்டாம் வருஷம். ஒரு ராணுவ அதிகாரியின் பங்களாவில் தோட்ட வேலை. பின்னால் ஒரு அறை தந்திருந்தார்கள். மழைக்கு ஒழுகும், ஆனாலும் சரசுவைக் கல்யாணம் கட்டி அங்கேதான் கூட்டிவந்திருந்தேன்.

அதிகாரியின் மனைவி கோட்டயத்துக் கிறிஸ்தவர். அவர் தமிழில் பாதி மலையாளம். மகள் கல்யாண ஏற்பாட்டுக்கு ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில் ஒரு விதைப் பொட்டலத்தை என் கையில் திணித்தார். “மோளுடெ கல்யாணத்தினு ஆஸ்டர் வேணும், கேட்டோ? பள்ளி நிறைய ஆஸ்டர். நாலு மாசம் பிடிக்கும்.” பள்ளி என்றால் அவர்களுக்குச் சர்ச், கல்யாணம் நடக்கப்போகிற வெலிங்டன் சர்ச். அது எனக்குத் தெரியும். ஆஸ்டர்தான் தெரியாது. என் காதில் விழுந்தது ஈஸ்டர். கிறிஸ்தவர் வீடு, சர்ச், ஈஸ்டர். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? ஈஸ்டருக்குக் கல்யாணம், அதற்கென்று ஈஸ்டர் பூ என்று தீர்மானித்துவிட்டேன். பொட்டலத்தில் இருந்த எழுத்தோ எனக்குக் கோழி கிளறிய மண்.

சமையல்கார அந்தோணி அண்ணனிடம் ஈஸ்டர் எப்போது என்று மட்டும் கேட்டேன். ஏப்ரல் தொடக்கம் என்றார். விரல்விட்டு எண்ணி டிசம்பரிலேயே விதைத்தேன். உறைபனிக் காலத்தில் யாரும் அப்படிச் செய்யமாட்டார்கள், நான் செய்தேன். மக்கிய இலைத்தூளும் மணலும் சலித்துப் பெட்டியில் நிரப்பி, விதை தூவி, வெயில் இறங்கினால் பெட்டியை எங்கள் அடுப்படிக்குத் தூக்கிவந்துவிடுவேன். “ஏனுங்க, இதுக்குத் தாலாட்டும் நாந்தான் பாடோணுமா?” என்பாள் சரசு. முளைத்தது பாருங்கள், ஒன்றுகூடத் தப்பவில்லை! மிச்ச விதையை, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் லைன் பெண்களுக்கு “ஈஸ்டர் பூ” என்று சொல்லிக் கொடுத்தேன். அவர்கள் நிதானக்காரர்கள். பொங்கல் கழிந்து பனி விட்ட பிறகு டால்டா டின்களில் விதைத்தார்கள்.

ஈஸ்டருக்கு நாலு நாள் முன்னால் பங்களா அம்மா ஊரிலிருந்து திரும்பிவந்தபோது என் பாத்தியில் வெள்ளையும் ஊதாவும் கொட்டிக் கிடந்தது.

“கரெக்டா ஈஸ்டருக்குப் பூத்திருச்சுங்கம்மா!”

“ஈஸ்டரினோ? எடோ, கல்யாணம் மே மாசமல்லே!”

அந்தோணி அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அட மண்டு, அது ஆஸ்டர்டா, ஆஸ்டர்!” அம்மா சிரிக்கவில்லை. கல்யாணத்தன்றைக்குப் பூவில்லையென்றால் முறியைக் காலி செய்துவிடு என்று அறையைக் காட்டினார். சரசுவுக்கு அப்போது ஏழாம் மாசம்.

மறுபடி விதைக்க நாளில்லை. லைனுக்குப் போனேன். டின்களில் செடிகள் முழங்கால் உயரம் நின்றன. “வாங்க ஈஸ்டர் தம்பி!” என்று கூப்பிட்டார் பொன்னக்கா. கோயமுத்தூர்க்காரர், புருஷன் ராணுவ ஆபீஸில் கிளார்க். அந்தோணி அண்ணன் அதற்குள் ஊரெல்லாம் பரப்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். பொன்னக்கா செடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பூவெல்லாம் வெட்டிட்டா வெதைக்கு என்னங்க தம்பி பண்றது?”

நான் எங்கள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“அந்தப் புள்ள வயித்தத் தள்ளிக்கிட்டு எங்க போவா? பூத்ததும் வெட்டிக்குங்க. அடுத்த வருசம் எனக்கு மறக்காம வெதை குடுங்க, ஆமா.”

கல்யாணத்தன்று காலையில் லைனின் பதினோரு வீட்டுப் பெண்களும் பனி உலருமுன் தாங்களே வெட்டி வாளி வாளியாகத் தூக்கிவந்தார்கள். அம்மா வாளிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். “மிடுக்கன்! இதெங்ஙனெ ஒப்பிச்சு?” கெட்டிக்காரன், எப்படிச் சமாளித்தாய் என்கிறார்.

“ரெண்டாவது தடவை லைன்லயும் வெதைச்சு வெச்சிருந்தேனுங்கம்மா” என்றேன்.

பின்னால் பொன்னக்கா காலி வாளியோடு நின்றிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லைனுக்கு நடந்தார். அடுத்த மாசம் சரசுவுக்கு வலி கண்டபோது ஓடிவந்து பிரசவம் பார்த்தவரும் அவர்தான்.

கல்யாணத்துக்கு வந்தவர்களெல்லாம் ஆஸ்டர் நாற்றுக் கேட்டு என்னைத் தேடினார்கள். ஈஸ்டர் பாத்தியில் நான் சேர்த்த விதை அத்தனையும் அவர்களுக்கே சரியாகப் போயிற்று. என் பிழைப்பு அப்படித்தான் ஏறியது. பொன்னக்காவுக்கு நாளைக்குத் தரலாம், நாளைக்குத் தரலாம் என்றே இரண்டு வருஷம் ஓடியது. ஒருநாள் புது விதையாகப் பார்த்துக் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது வேறு ஒரு அம்மா. பொன்னக்கா வீட்டாருக்கு வடக்கே எங்கோ மாற்றலாகிவிட்டதாம்.

இரண்டாவது தடவை விதைத்த கதையை நான் எத்தனையோ பேரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்லியிருக்கிறேன். விதைத்தது அந்த லைன் பெண்கள்.

அந்த லைனை இடித்து வருஷங்களாகின்றன. சிமெண்டுத் தரை போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். அப்போதெல்லாம் அங்கே நின்று “பொன்னக்கா” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், கை ஈரத்தை முந்தானையில் துடைத்தபடி, “ஏனுங்க தம்பி” என்று எட்டிப் பார்ப்பார். இப்போது கூப்பிட்டால் காவலாளிதான் வருகிறான், யார் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு.