நூல் கோடு

என் மருமகன் எழுத்து வரைகிறவர். கதை கட்டுகிறவர் இல்லை. கடைப் பலகைக்கும் பத்திரிகைத் தலைப்புக்கும் எழுத்தின் உருவத்தையே வரைந்து தருகிறவர். அவருக்குப் பேர் வாங்கித் தந்தது ஒரே ஒரு எழுத்து வகை. நிற்கிற கோடு தூண் மாதிரித் தடிமன், வளைகிற கோடு நூல் மாதிரி மெல்லிசு, முடிகிற இடத்தில் குட்டியாய் ஒரு பாதம். கல்யாணமான புதிதில் என் மகள் பெயரை எழுதி எழுதிப் பார்த்துத்தான் அதை உண்டாக்கினார். எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நகைக்கடை வாசலில் அதைப் பார்த்தால் நின்றுவிடுவேன்.

பெரிதாகத்தான் போட வேண்டும் என்பதில் கறார். மருந்துப் புட்டியில் பொடியாகப் போடக் கேட்டு வந்தவரை, "சின்னதாக்கினா எலும்புதான் மிஞ்சும், வேற ஆளைப் பாருங்க" என்று விரட்டிவிட்டார்.

என் மகள் நாற்பது நாள் காய்ச்சலில் போனாள். குழந்தைக்கு இரண்டு வயது. கல்லறையில் முழ அகலக் கல்தான் வைக்க விடுவார்கள். அதில் பொடியாகத்தான் வரும் என்றாலும் அதே எழுத்துதான் வேண்டும் என்று மனிதர் ஒற்றைக்காலில் நின்றார்.

"சார், இது மணல் கல்லு. இந்த நூல் கோடு நிக்காது. கொஞ்சம் சதை போட்டுக்கலாமா?" என்றார் கல்வெட்டுகிறவர்.

"அவ மூஞ்சிக்குச் சதை போடுவீங்களா? வரைஞ்சபடி வெட்டுங்க."

நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தப்பு என்னுடையதும்தான்.

நாலு மழைக்காலம் போனது. பேத்தி எழுத்துக் கூட்டப் பழகினாள். கல்லறைக்குப் போகும் வழியெல்லாம் பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவள், "அம்மா பேரை நான்தான் படிப்பேன்" என்று முன்னால் ஓடினாள்.

"பாட்டி, இதுல பேரே இல்லையே. கம்பி கம்பியா இருக்கு."

மெல்லிய கோட்டையெல்லாம் மழை தின்றிருந்தது. தூண்கள் மட்டும் ஜெயில் கதவு மாதிரி நின்றன. மருமகன் மண்டியிட்டு, சட்டைப்பையிலிருந்த பேனாவால் கோடுகளைச் சேர்த்தார். அடுத்த வாரம் அதுவும் இல்லை. மறுபடி வரைந்தார். "இன்னைக்கு அம்மா பேரு இருக்குமா?" என்று குழந்தை வாராவாரம் கேட்கத் தொடங்கினாள்.

கல்வெட்டுகிறவரைக் கேட்டோம். கல்லின் முகத்தைத் தேய்த்து வழித்துவிட்டுத் தடித்த எழுத்தாக வெட்டலாம், பழையது சுத்தமாகப் போய்விடும் என்றார்.

"கூடாது" என்றார் மருமகன்.

"மாப்பிள்ளை, பெத்தவ சொல்றேன். தேய்க்கட்டும்."

"அத்தை, அது அவளுக்குன்னு வரைஞ்சது."

"எனக்குத்தான் எல்லா எழுத்தும் கம்பியாத் தெரியுது. அவ மகளுக்குமா?"

இன்னும் இரண்டு வாரம் பேனாவாலேயே வரைந்து பார்த்தார். பிறகு ஒரு காலை, சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை வைத்தார். "அரிசி மூட்டை மேல அடிக்கிற தடிச்ச எழுத்து. கொண்டுபோய்க் குடுங்க."

தேய்த்த அன்று அவர் வரவில்லை. நான் நின்றேன். என் புடவையெல்லாம் கல் தூசி.

இப்போது பேத்தி சத்தம் போட்டுப் படிக்கிறாள். அவரும் வருகிறார், கல்லுக்கு முதுகு காட்டி நிற்கிறார். திரும்பும் வழியில் நகைக்கடை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார். நானும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போகிறேன்.