கோவிலம்பாக்கம் வரை நடந்தவன்

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டிதழில் உண்மைக்கு மாறான செய்தி ஒன்று அச்சாகியிருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உடையோருக்கு ஆதரவு திரட்ட நாங்கள் நடத்திய நடைப்பயணத்தில், என் தம்பி அலங்கரித்த ஊர்தியில் அமர்ந்து வந்தான் என்றும், சங்கத் தலைவனாகிய நான் முன்னணியில் நடந்தேன் என்றும் அதில் கண்டிருக்கிறது. இரண்டும் பிழை. அச்செய்தியை எழுதியவன் நானே. விழாவுக்கு முதல்நாளே அறிக்கையை எழுதி அச்சகத்துக்கு அனுப்பிவிடுவது என் நெடுநாள் வழக்கம். நடந்தது வேறு. அதனை நானே பதிந்து வைப்பது கடமையாகிறது.

மருத்துவத் தமிழில் இந்நிலையை டவுன் நோய்க்குறி என்பர். தூய தமிழில் பற்றுடையவன் நான். ஆயினும் என் தம்பியோடு 'நோய்' என்னும் சொல்லைச் சேர்க்க என் எழுதுகோல் இசைவதில்லை. இவ்விடத்தில் மட்டும் அயற்சொல்லே இருக்கட்டும்.

என் தம்பிக்கு இப்போது ஐம்பத்தொரு அகவை. எனக்குப் பதினெட்டு ஆனபோது பிறந்தவன். பிறந்த அன்றே இதயம் வலுவற்றது என்றனர். அதனால் அவனை ஓட விடாமல், படியேற விடாமல், பேருந்தில் நிற்க விடாமல் வளர்த்தோம். பெற்றோர் மறைந்தபின் அக்காவல் என்னிடம் வந்தது. நான் அதைத் தளர்த்தவேயில்லை.

ஆகவே, டவுன் சிண்ட்ரோம் உடையோரை ஊர்தியில் அமர்த்தி, மற்றையோர் பின்னால் நடந்து வரலாம் என்று செயற்குழுவில் முன்மொழிந்தவனும் நான்தான். மணமகனை ஊர்தியில்தான் அழைத்து வருகிறோம், விழாத் தலைவரை ஊர்தியில்தான் அழைத்து வருகிறோம், போற்றத்தக்கவரைச் சுமந்து வருவதே நம் மரபு என்று கால்மணி நேரம் பேசினேன். அனைவரும் கைதட்டினர். ஏறவேண்டியவர்களிடம் ஒரு சொல்லும் கேட்டோமில்லை.

ஞாயிறு காலை, கீழ்க்கட்டளைப் பள்ளித் திடலில் கூடினோம். மக்கள் குட்டியானை என்றழைக்கும் சிறு சரக்குந்தில் நெகிழி நாற்காலிகளும் பலூன்களும் கட்டப்பட்டிருந்தன. இளம்பெண் ஒருத்தியும் இளைஞர் மூவரும் ஏறி அமர்ந்திருந்தனர். என் தம்பி மட்டும், மார்பில் ஊக்கால் குத்தியிருந்த எண் அட்டையைத் தடவியபடி கீழேயே நின்றான்.

"யாரு சார் இன்னும் ஏறணும்? வெயிலு வந்துகினே கீது" என்றார் ஓட்டுநர்.

"ஏறுடா" என்றேன்.

"நான் நடக்கறேன்."

"மூணு கிலோமீட்டர்டா. உன்னால ஆகாது."

"ஏரி ரெண்டு ரவுண்டு போறேன். டெய்லி."

எங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை அருகில் நின்றார். அவர் முகத்தில் பிடிபட்ட சிரிப்பு.

"ஒரு மாசமா என்கூட வர்றார் சார். பால் வாங்கப் போறேன்னு உங்ககிட்ட சொல்லிட்டு வருவார். தெரிஞ்சா நீங்க வேணாம்னுடுவீங்கன்னு அவருக்கு பயம். டாக்டர்கிட்ட கேட்டுட்டுதான் ஆரம்பிச்சோம்."

பால் வாங்க ஒன்றரை மணிநேரம் எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அது நான் எழுதும் நேரம்.

தம்பி என் கையைப் பிடித்து வண்டிப் பக்கம் இழுத்தான். "நீ ஏறு அண்ணா. உனக்குதான முட்டி வலி."

"நான் தலைவர்டா. முன்னால நடக்கணும்."

"நீ பேசத்தான் பேசுவ. மாடி ஏறவே மூணு வாட்டி நிக்கற."

ஓட்டுநர் விழுந்து விழுந்து சிரித்தார். "கரீட்டா சொல்றாரு சார்! ஏறிக் குந்துங்க."

ஏறினேன். அதைக் கண்டு வண்டியிலிருந்த இளைஞருள் இருவர் இறங்கி என் தம்பியோடு சேர்ந்துகொண்டனர். மற்றைய இருவருக்கும் வண்டியே பிடித்திருந்தது. அது அவர்கள் விருப்பம்.

மேடவாக்கம் முதன்மைச் சாலையில், மெட்ரோ தூண்களை ஒட்டி வண்டி ஊர்ந்தது. வழியில் இளநீர் விற்றவர் ஒருவர் ஓடிவந்து என் கையில் ஓர் இளநீரைத் திணித்தார். "சாப்பிடு தாத்தா, காசு வேணாம். ஒண்ணும் கவலப்படாத, எல்லாம் சரியாப் பூடும்" என்றார். இத்தனை பேரும் எனக்காகவே நடக்கிறார்கள் என்று எண்ணிவிட்டார் போலும். அப்பார்வையை நான் அறிவேன். ஐம்பது ஆண்டுகளாக என் பக்கத்தில் நிற்பவன்மீது அது விழுவதைக் கண்டிருக்கிறேன். என்மீது விழுந்தது அன்றுதான்.

பாதி வழியில், தடுப்புத் தகடுகளால் சாலை குறுகிய இடத்தில், தம்பி நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டான். முகம் சிவந்திருந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கூவினேன்.

"போதும்டா, ஏறிடு!"

அவன் தண்ணீர் குடித்தான். பிறகு உள்ளங்கையை என் பக்கம் நீட்டி, "இரு" என்பதுபோல் காட்டினான். ஆசிரியை அவனைத் தூக்கவுமில்லை, தேற்றவுமில்லை. பக்கத்தில் நின்றார், அவ்வளவே. பின்னால் பேருந்து ஒலியெழுப்பியது. "நிக்க முடியாது சார், டிராபிக் ஆவுது" என்று ஓட்டுநர் வண்டியை நகர்த்தினார். தூண் ஒன்று குறுக்கே வந்தது. தம்பி கண்ணிலிருந்து மறைந்தான்.

கோவிலம்பாக்கத்தில் திருமண மண்டபத்தின் முன் வண்டி நின்றது. நடந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து மோர் குடித்தனர். அவனோடு சேர்ந்த இளைஞர் இருவரும் வந்தனர். அவன் வரவில்லை. அவ்வலுவற்ற இதயத்தைத் தவிர வேறெதுவும் என் நினைவில் இல்லை. தொலைவு தெரியட்டும் என்று வண்டித் தளத்தில் எழுந்து, கம்பியைப் பற்றி நின்றேன்.

கடைசியாக வந்தான். கைகளை அகல வீசி, மெதுவாக, யாரையும் பிடிக்காமல் வந்தான். வாழ்நாள் முழுதும் மேடைத் தமிழ் பேசியவன் நான், அன்று என் வாயில் வந்தது இதுதான்: "வர்றான் பாருய்யா! என் தம்பி! நடந்தே வர்றான்!"

"பாத்துகினுதான் கீறேன் சார்" என்றார் ஓட்டுநர்.

தம்பி வண்டியருகே வந்து அண்ணாந்து பார்த்தான். "மோர் தீந்துடுச்சா?" என்று கேட்டான். தீரவில்லை. இரண்டு குவளை குடித்தான்.

ஐந்து நூல்கள் எழுதியிருக்கிறேன். என் மாணவர் பலர் உயர்ந்த இருக்கைகளில் உள்ளனர். அவற்றுள் எதற்காகவும் அன்று நின்றதுபோல் நான் தலைநிமிர்ந்து நின்றதில்லை.

வழியில் ஒருமுறைதான் உட்கார்ந்தேன் என்கிறான் தம்பி. இருமுறை என்கிறார் ஆசிரியை. நான் கண்டது ஒன்று. தூணுக்குப் பின் நிகழ்ந்ததை அறியேன். மூன்று கிலோமீட்டர் என்பதும் செயற்குழுவின் மதிப்பீடே. அன்று உடன் நடந்தோர் இதனைப் படிக்க நேர்ந்தால், பிழை கண்டவிடத்துத் திருத்தி எழுதியனுப்ப வேண்டுகிறேன். நான் ஊர்தியில் வந்தவன். நடந்தவர் சொல்லையே ஏற்பேன்.