ஓட்டோ வரிசையில் அம்மா

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று நாடே கைவிரித்திருந்த காலம் அது. எண்ணெய்க் கப்பலுக்குக் கொடுக்க டொலர் இல்லையாம் என்று பெரியவர்கள் கதைத்துக்கொண்டார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்கு அதனால் வந்து சேர்ந்தது ஒரு வரிசை. காலி நகருக்குப் போகும் காலி வீதியின் பெற்றோல் நிலையத்தில் தொடங்கி எங்கள் படலையையும் தாண்டி நின்றது. ஓட்டோக்காரர்கள் அதிலேயே சாப்பிட்டு, அதிலேயே நித்திரை கொண்டார்கள். பள்ளிக்கூடமும் மூடியிருந்ததால், எனக்கென்னவோ வீட்டு வாசலில் திருவிழா நடப்பது மாதிரித்தான் இருந்தது.

அம்மா அந்தப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டா. நாலு ஆம்பிளைகள் கூடி நின்றால் வீதியின் மறுபக்கம் மாறிப் போகிறவ.

எங்களோடு இருந்த சித்திக்கு அது முதல் பிள்ளை. நாள் இன்னும் கிடக்க, ஒரு காலையில் வலி வந்துவிட்டது. அம்புலன்ஸுக்கு எடுத்த அழைப்புக் கிடைக்கவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மா சித்தியைத் தாங்கியபடி படலையைத் திறந்து, எதிரில் நின்ற ஓட்டோவின் கம்பியைப் பிடித்தா.

ஓட்டோக்காரர் மாளிகாவத்தை முஸ்லிம் ஒருவர்; அவர்களில் அண்ணனை நானா என்றுதான் சொல்வது.

"முந்தாநாள்ல இருந்து நிக்கிறேன் தங்கச்சி. வெளிய எடுத்தா எடம் போயிரும்," என்றார். குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான்.

"இடத்தை நான் பாக்கிறன். நீங்க இவவைக் கொண்டுபோங்கோ."

நானா அம்மாவை ஒருதரம் பார்த்தார். பிறகு ஓட்டோவை வெளியில் எடுத்தார். சித்தியோடு என்னையும் ஏற்றிவிட்டா அம்மா. சித்தி அவவின் கையை விடவில்லை. அம்மாதான் அந்த விரல்களைக் கழற்ற வேண்டியிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு ஓட்டோக்களுக்கு நடுவில், வீட்டுச் செருப்போடு, அம்மா தனியே நின்றா.

ஆஸ்பத்திரியில் சித்தியை உடனே உள்ளே எடுத்தார்கள். செய்தி கேட்டுச் சித்தப்பா சைக்கிளில் வந்து சேரும்வரை நானா என்னோடு வெளியில் கிடந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும் வழியில் எண்ணெய் முடிந்துவிட்டது. மிச்சத் தூரம் இரண்டு பேரும் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.

படலைக்கு முன்னால் அம்மாவைக் காணவில்லை. வரிசை நகர நகர அவவும் நடந்து, காலி வீதிக்கே போயிருந்தா. உச்சி வெயில். பின்னால் நின்ற சிங்களவர் ஹோர்ன் அடித்து, இடைவெளிக்குள் தன் ஓட்டோவை நுழைக்கப் பார்த்தாராம். மரக்கறி வாங்க மட்டும் பாவிக்கிற சிங்களத்தை வைத்துக்கொண்டு, தங்கச்சிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, வேணுமென்றால் என்னை இடித்துக்கொண்டு போங்கோ என்று அம்மா சொல்லியிருக்கிறா. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அதே மனிதர் அவவுக்குக் குடை பிடித்தபடி நின்றார்.

நானா ஓட்டோவை இடைவெளிக்குள் தள்ள, அம்மா விலகி வந்தா.

"ஒரு கல்லை வைச்சிட்டு எங்களோட வந்திருக்கலாமே அம்மா," என்றேன்.

"கல்லு வாய் திறந்து கதைக்குமே?" என்றா.

பின்னேரம் சித்தப்பாவின் அழைப்பு வந்தது. பெண்பிள்ளை, இருவரும் சுகம். சொல்லிவைத்த மாதிரி நானாவும் பெற்றோல் நிரப்பிய ஓட்டோவோடு படலையில் வந்து நின்றார்.

"வாங்க தங்கச்சி, புள்ளயப் பாத்துட்டு வருவம்."

"முகம் கழுவிட்டு வாறன்," என்று அம்மா குழாயடிக்குப் போனா. குழாயைத் திறந்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கனநேரம் அங்கேயே நின்றா. முகம் கழுவ இவ்வளவு நேரமா என்று நான் ஓட்டோவுக்குள் இருந்து இரண்டு தரம் கூப்பிட்டேன். நானாதான் என் தோளைத் தொட்டு, சும்மா இருக்கச் சொன்னார்.