லெவல் கண்ணாடியில் தலைகீழாக

என் அப்பா சர்க்காரில் லெவல் பார்க்கிறவர். நெய்யாற்றுத் தண்ணீரை வயல்களுக்குக் கொண்டுவர வாய்க்கால் வெட்டப் போகிறார்கள் என்று பாறசாலை, செங்கல் ஊர்ப் பக்கமெல்லாம் மேடு பள்ளம் அளந்துகொண்டிருந்தார். மூன்று கால் ஸ்டாண்டின்மேல் ஒரு பித்தளைக் குழல் இருக்கும். டம்பி லெவல் என்று அதற்குப் பேர். குழலோடு சேர்ந்த ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்து நிற்கும்வரை அப்பா மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். தூரத்தில் ஒரு ஆள் அடிக்கணக்கு எழுதிய நீளக் கட்டையை நிமிர்த்திப் பிடித்திருப்பார். அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்த எண்ணைப் படிப்பார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைத் தவிர அந்தக் கருவிக்கு வேறு எந்த நியாயமும் தெரியாது.

ஆனால் அவை, தமிழ்நாட்டோடு சேர்வதா மலையாளத்தோடு இருப்பதா என்று எல்லைப் போராட்டம் நடந்த வருஷங்கள். வீட்டுக்குள் தமிழும் சந்தையில் மலையாளமும் பேசி, யாருக்கும் நோகாமல் பிழைத்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து, நீ எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த நேரத்தில் வயல் வரப்பில் மூன்று காலை ஊன்றிக்கொண்டு கண்ணாடி பார்க்கிற சர்க்கார் ஆளை ஜனம் வேறு என்னவென்று நினைக்கும்? "அவன் கண்ணாடி வய்க்குத எடம்தான் எல்லையாக்கும்" என்று சாயாக்கடையில் யாரோ சொல்ல, ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

எனக்கு அப்போது களியக்காவிளைக்கு அப்பால் ஒரு சம்பந்தம் பேசி ஏறக்குறைய முடிந்திருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இந்த வயதில் அதைச் சொல்ல என்ன கூச்சம்? சர்ச்சில் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. மாப்பிள்ளையின் அப்பா தமிழ்ப் பக்கத்துக்காக மேடை ஏறிப் பேசுகிறவர். எல்லை போடுகிறவன் வீட்டிலிருந்தா பெண் எடுக்கிறாய் என்று அவருடைய கூட்டாளிகள் குடைந்திருக்கிறார்கள். மனுஷர் நேரே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சாரே, நான் உம்ம நம்புதேன். ஆனா ஊரும் நம்பணும்லா? ஞாயித்துக்கெழம ஆராதன முடிஞ்ச பெறவு அந்தச் சாதனத்தக் கொண்டு சர்ச்சு முற்றத்துல வய்யும். எங்க ஆளுவளும் வருவாவ. எல்லாவரும் பாத்துட்டுப் போட்டும். பின்ன ஒரு பேச்சும் இல்ல."

அப்பாவுக்குச் சந்தோஷம். காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிற வெள்ளந்தி அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் முற்றத்து மணலில் ஸ்டாண்டை ஊன்றி, குமிழியை நடுவில் நிறுத்தினார். முதலில் குனிந்தது மாப்பிள்ளையின் அப்பா. குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"கர்த்தாவே! சர்ச்சு தலகீழா நிக்குதே!"

"இந்தக் கண்ணாடியில அப்பிடித்தான் அண்ணாச்சி தெரியும். எண்ணு படிக்க முடிஞ்சா போரும்" என்றார் அப்பா.

"எலே, நேராப் பாக்கத் தெரியாத சாதனமா எல்லை போடப் போவுது?" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். முற்றமே சிரித்தது. நானும் சிரித்தேன். தீர்ந்தது என்று நினைத்தேன். அதற்குப் பிறகுதான் மாப்பிள்ளையின் அம்மா கண்ணாடியில் பார்த்தாள்.

"அப்போ பெண்ணுவளும் இதுல தலகீழாத்தானே தெரியும்?"

"ஆமா."

"தலகீழா நிண்ணா துணி எங்க நிக்கும்?"

சிரிப்பு நின்றுவிட்டது. வாய்க்கால் வருகிற வழி பெண்கள் குளிக்கிற குளத்தை ஒட்டித்தான் போகிறது. அப்பா அங்கே நின்று அளந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பெண்கள் ஒவ்வொருவராக முந்தானையை இழுத்துச் செருகினார்கள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. எல்லை போடுகிறவர் என்ற பேர் போய் அதைவிடக் கேவலமான பேர் அப்பாவின் தலையில் விழுந்தது.

அப்பா பதறிப்போனார். சுற்றும் முற்றும் பார்த்தவர் கண்ணில் நான்தான் பட்டேன்.

"மக்கா, அந்தக் கட்டையப் பிடிச்சிட்டு சர்ச்சு கேட்டுப் பக்கத்துல போயி நில்லு. இவிய பாக்கட்டும். துணி ஒண்ணும் விழாது."

போய் நின்றேன். உச்சி வெயில். வெயில் பட்டால் குமிழி நகர்ந்துவிடும் என்று அப்பா கருவிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். முதலில் பெண்கள் பார்த்தார்கள். பிறகு ஆண்கள் வரிசையில் வந்தார்கள். "விழல்ல", "இல்ல, விழல்ல" என்று ஒவ்வொருவரும் நிமிர்ந்து சாட்சி சொன்னார்கள். சிலர் எண் படிக்கிற நேரத்தைவிட அதிகம் குனிந்திருந்தார்கள். சேலை உடம்பில்தான் இருந்தது. ஆனாலும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கத் தோன்றிக்கொண்டே இருந்தது. இரண்டு கையும் கட்டையில் இருந்ததால் அதற்கும் வழியில்லை. வெட்கத்தில் காது இரண்டும் எரிந்தன. மாப்பிள்ளை குனிந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவருடைய அம்மா என் அருகில் நின்றாள். என் முந்தானையை எடுத்து என் தலையில் போட்டுவிட்டாள். அவள் கை மிருதுவாக இருந்தது.

"உன்மேல ஒரு குத்தமும் இல்ல மக்கா. ஆனா ஊரு ஆணுவ எல்லாம் ஒத்தக் கண்ண மூடிப் பாத்த பெண்ண நான் எப்பிடி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவேன்?"

பார்க்கச் சொன்னதும் அவர்கள்; பார்த்ததும் அவர்கள். மேடையில் முழங்குகிற அவள் புருஷன் அப்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். வாத்தியார் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நிமிஷமே அவர் என் மனதிலிருந்து இறங்கிவிட்டார். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை.

அப்பாவால்தான் தாங்க முடியவில்லை. கருவியை விட்டுவிட்டு ஓடி வந்து அந்த அம்மாவின் முன்னால் கைகூப்பினார்.

"நான் சொல்லித்தானே அவ நிண்ணா? தப்பு எனக்காக்கும். அவளுக்கு ஒரு கொறவும் இல்ல. நீங்க வேணும்னா இன்னொருக்கா..."

இன்னொருக்கா என்ன, இன்னொருக்கா நின்று காட்டச் சொல்வாரா? அத்தனை பேர் குனிந்து பார்த்தபோது பட்ட அவமானம் இதனோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. மேலதிகாரி முன்னால்கூட அவர் அப்படி நின்றதில்லை. என்னை விலைபோகாத மாட்டைப் போல நடுவில் வைத்துக்கொண்டு கெஞ்சினார். அவருக்காக வெட்கப்பட்டேன். அவர் மகள் என்பதற்காக, அந்த ஒரு நிமிஷம், அதைவிட அதிகமாக வெட்கப்பட்டேன்.

கட்டையை மணலில் போட்டேன். அப்பாவின் கூப்பிய கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினேன். "வாங்க அப்பா, வீட்டுக்குப் போவோம்" என்றேன். அந்தக் கைகள் பிரியவில்லை. விரல் விரலாக நான்தான் பிரிக்க வேண்டியிருந்தது.