பூப்போட்ட முகத்துணி

கேதீஸ்வரன் குழாய்போல் தைத்த அந்தத் துணியைத் தலைவழியே மாட்டி, மூக்குவரை இழுத்துவிட்டு, கடை வாசலில் நின்ற தன் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் குனிந்து பார்த்தார். கழற்றினார். அடுத்ததை மாட்டினார். நெல்லியடிப் பான்சிக் கடையில் இந்த வாரம் இது மூன்றாம் தடவை. கடையில் நிற்கும் லவீனாவுக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. இன்று கொட்டாவி வந்தது.

"பிள்ளை, என்னைப் பாத்தா உனக்குப் பயமாக் கிடக்கோ? உண்மையைச் சொல்லு."

"துணி வாங்க வந்தனீங்களோ அண்ணை, வயலுக்கு வெருளி செய்ய வந்தனீங்களோ?"

கறுப்பை அவர் தொடவே இல்லை. மண்டையோடு போட்டதைக் கண்டதும், "ஐயோ, வாள்வெட்டுக்காரர் எண்டு அடிச்சுப்போடுவாங்கள்" என்றார். சாம்பல் நிறத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்துவிட்டு, "உது சாக்கு மாதிரிக் கிடக்கு" என்று அவசரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீற்றர் பார்த்து பில் கொடுப்பது அவருடைய வேலை. இருபது வருடம் உடுப்பிட்டிப் பக்கத்து வெயிலையும் புழுதியையும் தின்றதில் நெஞ்சில் முட்டு வந்துவிட்டது. மாடிப்படி ஏறினால் மூச்சு விசிலடிக்கும். முகத்தை மூடாமல் மோட்டார் சைக்கிளில் ஏறவே கூடாது என்பது டொக்டரின் கட்டளை. மனுசனுக்கு நாய்ப் பயம் கிடையாது. ஊர் நாய்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியேதான் கேற்றைத் திறப்பார். இப்போதுள்ள பயமெல்லாம் அருமைநாயகி அம்மாவின் வீட்டுக்குத்தான்.

போன மாதம், புதிதாக வாங்கிய கறுப்புத் துணியைக் கழற்றாமலே அந்த வீட்டுக் கேற்றுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டார். கண் மட்டும் தெரிந்த முகத்தைக் கண்ட அம்மா கிணற்றடியில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். தனியாக இருக்கும் மனுசி. சண்டைக் காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில், கண் மட்டும் தெரியத் தலையில் சாக்குப் போட்ட ஆட்காட்டி ஒருவன் அவருடைய தம்பியைப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவ்வளவுதான். ஆமி கொண்டுபோன தம்பி திரும்பி வரவில்லை. ஊருக்கே தெரிந்த கதை அது, கேதீஸ்வரனுக்கும் தெரியும். "தெரிஞ்சுகொண்டும் போய் நிண்டனே, பாவி" என்று மனைவி உதயகலாவிடம் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துப் புலம்பினார். நாளைக்கு மறுபடி அந்த வீட்டு மீற்றர்.

கடைசியில் எடுத்தது மஞ்சளில் சிவப்புப் பூப்போட்ட ஒன்று.

"அண்ணை, உது பொம்பிளைப் பிள்ளையள் ஸ்கூட்டியிலை போகேக்கை போடுறது."

"அதுதான் பிள்ளை வேணும். பூவைப் பாத்து ஆர் பயப்பிடுவினம்?"

சொன்னாரே தவிர, வீடு போய்ச் சேரும்வரை கண்ணாடியில் தன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் வீதி திரும்பும் முடக்கிலேயே இறங்கி, துணியைக் கழுத்துக்கு இறக்கி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். "அம்மா, நான் மீற்றர் கேதீஸ்! முகம் தெரியுதோ?" என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினார். அருமைநாயகி பிளாஸ்ரர் போட்ட கையை நெஞ்சோடு அணைத்தபடி கேற்றடிக்கு வந்து அந்த முகத்தையே பார்த்தார். அந்த நேரம் பார்த்து மண் ஏற்றிய டிப்பர் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கேதீஸ்வரனுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. மூச்சு இழுத்தது, கண்ணில் நீர் முட்டியது. அப்படியும் கை துணிக்குப் போகவில்லை.

"மூடு தம்பி."

அவர் மூடவில்லை. அருமைநாயகி கேற்றுக்கு மேலால் நல்ல கையை நீட்டி, பூத்துணியைத் தானே அவர் மூக்குவரை இழுத்துவிட்டார்.

"இப்ப மூச்சு விடேலுமோ?"

தலையை ஆட்டப் போன கேதீஸ்வரன், சட்டென்று கழுத்தை விறைப்பாக நிறுத்திக்கொண்டு, துணிக்குள்ளிருந்து உரக்கச் சொன்னார்:

"ஓம் அம்மா."